டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரிகிறது, டிரெயிலர் பிரேக் மட்டும் ஏன் பிடிக்கவில்லை?

கேள்வி: ஐயா, களுவாஞ்சிகுடியில் சின்ன பெக்கோ ஒன்றை வாடகைக்கு விட்டுத் தொழில் செய்கிறேன். பெக்கோவின் எடை 2,600 கிலோ. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மாமா அனுப்பிய டிரெயிலரில் ஏற்றி, டபுள் கெப்பில் கொழுவி இழுக்கிறேன். டிரெயிலருக்கு இரண்டு அச்சு. நான்கு சக்கரத்திலும் மின்சார பிரேக். ஊருக்குள் ஓடும்போது பெரிய குறை தெரியவில்லை. போன மாதம் பசறையில் வேலை முடித்து வரும்போது, லுணுகலை இறக்கத்தில் டிரெயிலர் வாகனத்தைத் தள்ளத் தொடங்கிவிட்டது. டிரெயிலர் பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரை உச்சத்தில் வைத்தும் பிடிக்கவில்லை. வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் புதிய ஷூவும் புதிய காந்தமும் போட்டேன். அதே நிலைதான். வயரிங் செய்பவர் டெஸ்ட் லாம்ப் பிடித்துப் பார்த்தார், நான்கிலும் பளிச்சென்று எரிகிறது. வயரும் 4 மில்லிமீற்றர் வயர், மெல்லியது அல்ல. இந்த மின்சார பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, முட்டினால் தானாகப் பிடிக்கும் ஹைட்ரோலிக் பிரேக் போட்டுவிடலாமா?

பதில்: தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். பிரேக் பிடிக்கிறது என்று உங்கள் கண்ணால் காணும்வரை அந்த டிரெயிலரில் பெக்கோவை ஏற்றாதீர்கள். தவிர்க்க முடியாத வேலை இருந்தால் லொறி ஒன்றைப் பிடித்து அனுப்புங்கள். உங்கள் டபுள் கெப் ஏறக்குறைய இரண்டு தொன். பின்னால் வருவது டிரெயிலரோடு சேர்த்து மூன்றரைத் தொன்னுக்குக் கிட்ட. ஆட்டுக்குட்டி ஒன்று எருமையைக் கட்டி இழுத்துக்கொண்டு மலை இறங்குகிற கதை இது. எருமைக்குத் தன் காலில் நிற்கத் தெரிந்தால்தான் ஆட்டுக்குட்டி பிழைக்கும்.

ஊருக்குள் குறை தெரியாததில் வியப்பில்லை. நம்முடைய மாவட்டத்தில் மேடு என்று சொல்வதற்குப் பாலங்களைத் தவிர வேறு என்ன இருக்கிறது? களுவாஞ்சிகுடியிலிருந்து கல்லடிப் பாலம்வரை தட்டை நிலம். வாகனத்தின் பிரேக்கே இரண்டுக்கும் சேர்த்துச் சுமந்துவிடும். செங்கலடி வீதியில் மகாஓயா கடந்து, பிபிலைக்கு அப்பால் ஏறத் தொடங்கினால்தான் டிரெயிலர் தன் உண்மையான குணத்தைக் காட்டும். ஆகவே லுணுகலையில் கெட்டுப்போன பிரேக் அல்ல அது. ஊரிலேயே கெட்டிருந்தது, லுணுகலையில் வெளியே தெரிந்தது.

இனி டெஸ்ட் லாம்ப் விடயத்துக்கு வருகிறேன். உங்கள் கதையில் என் கண்ணில் பட்டது ஷூவும் அல்ல, காந்தமும் அல்ல, அந்த லாம்ப்தான்.

இந்தப் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தோடு சுழலும் ட்ரம்முக்குள் ஒரு நெம்புகோலின் நுனியில் மின்காந்தம் தொங்குகிறது. மின்சாரம் வந்ததும் அது சுழலும் ட்ரம்மின் உட்புற இரும்பு முகத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ட்ரம் சுழல்வதால் காந்தமும் அதனோடு இழுபட்டுப் போகும். அந்த இழுவையில் நெம்புகோல் திரும்பி ஷூவை ட்ரம்மின் உட்சுவரில் தள்ளும். காந்தம் எவ்வளவு வலுவாக ஒட்டுகிறதோ அவ்வளவுதான் பிரேக். அந்த வலு அதற்குள் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. 10 அங்குல, 12 அங்குல பிரேக்குகளில் ஒரு காந்தம் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கும். உங்களிடம் நான்கு இருப்பதால் மொத்தம் 12 அம்பியர்.

உங்கள் வயரிங்காரர் பிடித்த டெஸ்ட் லாம்புக்குள் இருப்பது 5 வோட் பல்ப் என்று வைத்துக்கொள்வோம். அது இழுப்பது அரை அம்பியருக்கும் குறைவு. வழியில் எங்கோ ஒரு துருப்பிடித்த மூட்டு, அரை ஓம் தடையோடு இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். லாம்ப் எரியும்போது அந்த மூட்டில் தொலைவது 0.2 வோல்ட். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதே மூட்டு வழியாக நான்கு காந்தங்களும் மின்சாரம் கேட்கும்போது கணக்கே வேறு. நான்கும் பக்கம் பக்கமாக இணைந்திருப்பதால் அவற்றின் மொத்தத் தடை ஏறக்குறைய ஒரு ஓம். அதோடு இந்த அரை ஓம் சேர்ந்தால் 12 அம்பியர் ஓட வேண்டிய இடத்தில் ஓடுவது 8 அம்பியர். காந்தத்துக்குக் கிடைப்பது 8 வோல்ட். மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் காந்தத்தின் பிடி அதைவிடக் கூடுதலாகக் குறையும். அதுவும் குளிர்ந்த காந்தத்தில். இறக்கத்தில் 50 பாகை சூடு ஏறினால் செம்புச் சுருளின் தடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அப்போது மின்னோட்டம் இன்னும் சுருங்கும்.

இப்படித்தான் லாம்ப் பளிச்சென்று எரிய, பிரேக் பிடிக்காமல் இருக்கிறது. லாம்ப் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. வாகனத்தையும் டிரெயிலரையும் இணைக்கும் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மீற்றரில் 12.6 வோல்ட் வருகிறது என்று மகிழ்வதும் இதே தவறுதான். மீற்றரை 'பீப்' சத்தத்தில் வைத்து வயர் நன்றாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வதும் அப்படித்தான். அரை ஓம் என்பது மலிவான மீற்றரின் சொந்தக் கம்பிகளிலேயே இருக்கும். காந்தங்கள் எல்லாம் இணைந்திருந்து, பிரேக் முழுமையாக அழுத்தப்பட்டிருக்கும்போது அளந்தால்தான் அது அளவு. மற்றதெல்லாம் சும்மா.

அளக்கப் போகுமுன், குறை வாகனத்திலா டிரெயிலரிலா என்று பிரித்துக்கொள்ள உங்களிடமே ஒரு கருவி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட டிரெயிலருக்கு, கொழுவிய இடம் கழன்று ஓடினால் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பும் இருக்க வேண்டும். உங்கள் டிரெயிலரின் முன் தண்டில் சின்னப் பெட்டியும், பெட்டிக்குள் பற்றறியும், மெல்லிய கேபிளில் தொங்கும், இழுபட்டால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் ஊசியும் இருக்க வேண்டும். அந்தப் பற்றறி இப்போது செத்துப்போயிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நன்கு சார்ஜ் ஏற்றிய வாகனப் பற்றறி ஒன்றை அதன் இடத்தில் இணையுங்கள். வாகனத்தின் பிளக்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கன்ட்ரோலருக்குள் மின்சாரம் பின்பக்கமாகப் போய் அதைக் கெடுக்கலாம். பெக்கோ இல்லாத வெறும் டிரெயிலரைத் தட்டையான நிலத்தில் வாகனத்தோடு கொழுவி, ஊசியை இழுத்துவிட்டு மெதுவாக முன்னே எடுத்துப் பாருங்கள். சக்கரங்கள் நான்கும் உருளாமல் இழுபட்டு, தரையில் கோடு போட வேண்டும். போட்டால் டிரெயிலர் பக்கம் பெரும்பாலும் சுத்தம். குறை பிளக்கிலோ, வாகனத்தின் வயரிலோ, கன்ட்ரோலரிலோ இருக்கிறது. அப்போதும் சக்கரம் சோம்பலாக உருண்டால் குறை டிரெயிலருக்குள் இருக்கிறது. பார்த்து முடிந்ததும் ஊசியைத் திரும்பப் போடுங்கள். நீண்ட நேரம் விட்டால் காந்தம் வீணாகச் சூடாகும், பற்றறியும் இறங்கிவிடும்.

என் ஊகம் டிரெயிலர் பக்கம்தான். அதிலும் எர்த். ஆஸ்திரேலிய வயரிங்கில் நீலம் பிரேக், வெள்ளை எர்த். நீல வயரை எல்லோரும் தேடித் தேடிப் பார்ப்பார்கள். வெள்ளையை யாரும் கவனிப்பதில்லை. காந்தத்திலிருந்து வரும் இரண்டு வயரில் ஒன்றை அச்சிலோ சட்டத்திலோ ஒரு ஆணி போட்டு முடுக்கிவிட்டு, 'இரும்புதானே, போகும்' என்று விட்டிருப்பார்கள். போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வர வேண்டும் தம்பி. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற உங்கள் ஊரில், பெயின்ற்றின் மேல் முடுக்கிய ஆணிக்கு ஆயுள் எத்தனை மழை?

வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து படகு இழுக்கும் டிரெயிலர் ஒன்று என் கராஜுக்கு வந்தது. முறைப்பாடு உங்களுடையதைப் போலவே. பிரேக்கை அழுத்தி வைத்து அளந்தேன். பிளக்கில் 12.1 வோல்ட், காந்தத்தில் 7.8 வோல்ட். நான்கு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிட்டது. பற்றறியின் எதிர்முனையில் (மைனஸ்) மீற்றரின் ஒரு கம்பியும், காந்தத்தின் எர்த் வயரில் மறு கம்பியுமாக வைத்துத் திரும்ப அழுத்தினேன். தொலைந்ததில் மூன்று வோல்ட் எர்த் பக்கத்தில் இருந்தது. சட்டத்தில் முடுக்கியிருந்த வளையத்தைப் பார்த்தால் புதிதுபோலத்தான் இருந்தது. மேலே கறுப்பு டேப் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. டேப்பை உரித்தேன். உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பு ஏறி, அதற்கும் உள்ளே கறுத்துப்போயிருந்தது. விரலால் சற்று வளைத்ததும் காய்ந்த முருங்கைக் காம்பு மாதிரி ஒடிந்து கையோடு வந்துவிட்டது. முப்பது நூலில் நாலைந்து நூலில்தான் அந்தப் பிரேக் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நாலைந்து நூலுக்கு டெஸ்ட் லாம்ப் ஒரு சுமையே அல்ல.

உங்களுடையதிலும் இதே இரண்டு அளவுகளை எடுங்கள். ஒருவர் இருக்கையில் அமர்ந்து கன்ட்ரோலரின் கைப்பிடியை முழுதாகத் தள்ளிப் பிடிக்கட்டும். பாதி தள்ளினால் கன்ட்ரோலர் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும், மீற்றர் குழம்பும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு சக்கரத்திலும் காந்தத்தின் இரண்டு வயருக்கும் இடையே வோல்ட் பாருங்கள். வாகனப் பற்றறியில் உள்ளதைவிட ஒரு வோல்ட், மிஞ்சினால் ஒன்றரை வோல்ட் குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் வழியைத் தேடுங்கள். அம்பியர் அளக்க விரும்பினால் சாதாரண மீற்றரைத் தொடராக இணைக்க வேண்டாம். அதில் பெரும்பாலானவை 10 அம்பியருக்கு மேல் தாங்காது, உங்களுக்கு ஓடுவது 12. நேரோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றர் தேடிப் பிடியுங்கள். வீட்டு மின்சாரத்துக்கான கிளாம்ப் பலவும் மாறோட்டத்தை மட்டுமே காட்டும், கடையில் கேட்டு வாங்குங்கள். நீல வயரைக் கவ்வினால் 12க்குக் கிட்ட வர வேண்டும். 9 வந்தால் நான்கில் ஒரு சக்கரம் வேலை செய்யவில்லை என்றோ, எல்லாம் சேர்ந்து பட்டினி கிடக்கின்றன என்றோ பொருள். எது என்று ஒவ்வொரு சக்கரத்து வோல்ட்டும் சொல்லிவிடும்.

இப்போது '4 மில்லிமீற்றர் வயர்'. இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான். ஆஸ்திரேலிய வாகன வயரில் 4 மில்லிமீற்றர் என்று அச்சிட்டிருப்பது, மேலே உள்ள பிளாஸ்டிக்கையும் சேர்த்த பருமன். உள்ளே இருக்கும் செம்பு 1.84 சதுர மில்லிமீற்றர்தான். நம்மூர் வீட்டு வயரிங்கில் 7/0.67 என்று வாங்குகிறோமே, அது 2.5 சதுர மில்லிமீற்றர். உங்கள் '4 மில்லிமீற்றர்' அதைவிட மெல்லியது. பற்றறியிலிருந்து கன்ட்ரோலர், அங்கிருந்து வாகனத்தின் பின்பக்கம், பிறகு டிரெயிலரின் அச்சு என்று கூட்டினால் 13 மீற்றர் எளிதில் வரும். 12 அம்பியர் ஓடும்போது அந்த வயர் புதிதாக இருந்தாலும் போகும் வழியிலேயே ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். திரும்பி வரும் வழி இன்னும் கணக்கில் சேரவில்லை. எர்த் வயரும் அதே வயரென்றால் இன்னொரு ஒன்றரை.

ஆகவே செம்பு 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத மெல்லிழை வயரைப் போடுங்கள். 6 என்றால் இன்னும் நல்லது. பிரேக்குக்கு ஒன்று, எர்த்துக்கு அதே பருமனில் ஒன்று. எர்த்தைச் சட்டத்தை நம்பி விடாமல், நான்கு காந்தங்களிலிருந்தும் பிளக் வரைக்கும், பிளக்கிலிருந்து வாகனப் பற்றறியின் எதிர்முனை வரைக்கும் வயராகவே கொண்டுபோங்கள். மிச்சமிருக்கிறதே என்று வீட்டு வயரைப் போட வேண்டாம். அதன் தடித்த நூல்கள் அதிர்வில் ஒடியும். படகுகளுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் சற்று விலை கூடினாலும் வாங்குங்கள், களிம்பு ஏறுவது குறையும். மூட்டுகளைக் கையால் முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட்டு, கிறிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடாக்குங்கள். முன் அச்சின் வலது சக்கரத்துக்கும் இடது சக்கரத்துக்கும் இடையே வயர் அச்சுக் குழாய்க்குள்ளால் போகிறதா என்றும் பாருங்கள். உள்ளே உரசி உரசித் தோல் போய், அச்சைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதை இழுத்து எறிந்துவிட்டு வெளியே குழாய் போட்டுக் கட்டிவிடுங்கள்.

மின்சாரம் சரியான பிறகும் பிடி போதாதென்றால் ட்ரம்மைக் கழற்ற வேண்டியதுதான். நீங்கள் புதுச் சாமான் போட்டிருப்பதால் எனக்கு மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. ஷூக்கள் இரண்டில் லைனிங் (உரசும் பட்டை) நீளம் குறைந்தது டிரெயிலரின் முன்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். இடது பக்கத்து அமைப்பை வலது பக்கம் போட்டுவிட்டால் இது தலைகீழாகும். சத்தமில்லாமல் பிரேக் பாதியாகிவிடும். தட்டோடு சேர்த்து முழுதாக மாற்றினீர்களென்றால் இதை முதலில் பாருங்கள். அடுத்தது, புதுக் காந்தம் ஒட்டும் ட்ரம்மின் முகம். பழைய காந்தம் உழுத சால்கள் அதில் இருந்தால் புதுக் காந்தம் முழு முகமும் பதியாமல் மேடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். லேத்தில் கொடுத்து முகம் எடுத்திருக்க வேண்டும். எடுத்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மூன்றாவது கிறீஸ். சிலர் அச்சு நுனியில் உள்ள நிப்பிளில் கிறீஸ் கன்னை வைத்து மனம் குளிரும்வரை அடித்துவிடுகிறார்கள். அது சீலைத் தாண்டி லைனிங்கில் இறங்கும். கிறீஸ் குடித்த லைனிங்கைப் பெற்றோலில் கழுவியும் பயனில்லை, உப்புத்தாளால் தேய்த்தும் பயனில்லை. மாற்றத்தான் வேண்டும், சீலோடு சேர்த்து.

இவை சரியென்றால் இடைவெளி சரிப்படுத்துங்கள். இதைச் செய்யாமலே பலர் புது ஷூ போட்டுவிட்டு ஓடுகிறார்கள். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே குனிய வேண்டாம். பின் தட்டின் துளை வழியாகத் தட்டை ஸ்குரூ டிரைவரால் பல் சக்கரத்தைத் திருப்புங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றவே கடினமாகும்வரை இறுக்கிவிட்டு, 'சர்ர்' என்று மெல்லிய உரசல் மட்டும் கேட்கும் அளவுக்குத் திரும்பத் தளர்த்துங்கள். நான்கிலும் அந்தச் சத்தம் ஒரேமாதிரி இருக்க வேண்டும். முன்னூறு கிலோமீற்றர் ஓடியபின் இன்னொரு தடவை. புது ஷூ ட்ரம்மோடு பதிந்து கொடுக்கும்வரை முழுப் பிடியும் வராது. அதற்கு வெறும் டிரெயிலரோடு மணிக்கு 65 கிலோமீற்றரிலிருந்து 30க்கு, கைப்பிடியால் டிரெயிலர் பிரேக்கை மட்டும் பிடித்து இருபது முப்பது தடவை இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ட்ரம் ஆற விடுங்கள். படுவான்கரைப் பக்கம் வயல் நடுவே ஆளரவமற்ற நேர் வீதி கிடைக்கும். வீதியோரம் நெல் காயப்போடும் காலத்தில் அந்த வேலை வேண்டாம், திட்டு வாங்குவீர்கள்.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கிறேன். இந்த டிரெயிலரை எப்போதாவது லொறியில் கொழுவி இழுத்ததுண்டா? பல லொறிகளுக்கு 24 வோல்ட். இந்தக் காந்தங்கள் 12 வோல்ட்டுக்கானவை. 24 வோல்ட் ஏறினால் இரட்டிப்பு மின்னோட்டம் ஓடிச் சுருள் வெந்துவிடும். இரவல் கொடுத்திருந்தால் வாங்கிப்போனவரிடம் விசாரியுங்கள். சந்தேகமென்றால் ஒவ்வொரு காந்தத்தையும் தனியே கழற்றி ஓம் பாருங்கள். மூன்றுக்கும் நாலுக்கும் இடையே வர வேண்டும், நான்கும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். வயருக்கும் காந்தத்தின் உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது.

கன்ட்ரோலரைக் கடைசியில் வைக்கிறேன். அது கெடுவது குறைவு, ஆனால் எல்லோரும் முதலில் மாற்றுவது அதைத்தான். அதற்குப் பற்றறியிலிருந்து நேரே தடித்த வயரில், சர்க்கிட் பிரேக்கர் ஊடாக மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். ரேடியோவின் வயரில் கொக்கி போட்டிருந்தால் அதுவே போதும் காரணத்துக்கு.

ஹைட்ரோலிக் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். முட்டினால் பிடிக்கும் பிரேக்கை ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோ வரைக்கும்தான் அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே இயக்கக்கூடிய பிரேக் எல்லாச் சக்கரத்திலும் இருக்க வேண்டும். லுணுகலை போன்ற நீண்ட இறக்கத்தில் உங்கள் எடைக்கு அந்தக் கைப்பிடி உயிர்ப்பிடி. கியரைக் குறைத்து, என்ஜின் பிடியில் இறங்கி, டிரெயிலரை இடையிடையே பிடித்துப் பிடித்து விடலாம். முட்டுப் பிரேக் இறக்கம் முழுவதும் உரசிக்கொண்டே வந்து வெந்துவிடும். அதற்குச் செலவழிக்க நினைத்த காசில் கால்வாசி போதும், நல்ல வயரும் பிளக்கும் ஒரு நாள் கூலியும் வாங்க.

அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். பிரேக் முழுதாக அழுத்தியிருக்கும்போது பற்றறியில் எத்தனை வோல்ட், பிளக்கில் எத்தனை, நான்கு சக்கரங்களிலும் தனித்தனியே எத்தனை, நீல வயரில் எத்தனை அம்பியர். ஊசியை இழுத்தபோது எந்தெந்தச் சக்கரம் கோடு போட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். டெஸ்ட் லாம்ப் எரிந்ததா என்று மட்டும் எழுத வேண்டாம்.